ஆறு தடவை பூஜ்யம்

குன்வோர் த்வைட்டிடம் எங்கள் கட்டடத்தில் யாரும் மணி கேட்பதில்லை. கேட்டால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு பையைத் துழாவிக் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பார், இரண்டும் ஒத்துப்போனால்தான் வாயைத் திறப்பார். அதற்குள் பேருந்து போயிருக்கும்.

இது பிறவிக் குணமா, தொழில் படுத்திய பாடா என்று சொல்வது கஷ்டம். கணவர் ஐலிஃபைக் கேட்டால் பிறவிக் குணம்தான் என்பார். ஆஸ்கை தீவுக்குப் பாலம் வராத நாட்களில், ஒரு இலையுதிர்காலத்தில் படகில் போய்க்கொண்டிருந்தபோது, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவர் கேட்டாராம். "யோசிச்சுப் பாக்கணும்" என்றாராம் குன்வோர். படகு கரை சேர்ந்தது. இலையுதிர்காலம் போனது, பனி வந்தது. ஈஸ்டர் விடுமுறையில் மலைவீட்டு வாசலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று "சரி" என்றாராம். "எதுக்கு சரி?" என்று ஐலிஃப் கேட்டாராம். இந்தக் கதையை அவர் எல்லா விருந்திலும் சொல்வார். குன்வோரும் எல்லா விருந்திலும், "அப்போ இலையுதிர்காலம் இல்ல, ஆகஸ்ட்" என்று திருத்துவார்.

நார்வேயில் பெர்கன் துறைமுகத்தை ஒட்டி, கப்பல் என்ஜின்களை இயக்கும் மென்பொருள் செய்கிற ஒரு நிறுவனத்தில் அவருக்கு வேலை. உலகத்தில் எங்காவது ஒருவர் இணையத்தில் எழுதியிருப்பார்: இந்த மென்பொருளில் ஓட்டை இருக்கிறது, யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்துவிடலாம் என்று. சிலது உண்மை. சிலது பாதி உண்மை. சிலது பெயர் வாங்குவதற்காகப் புளுகியது. இப்போதெல்லாம் சிலதை எழுதியவருக்கே தான் என்ன எழுதினோம் என்று தெரியாது. கணினியிடம் எழுதச் சொல்லி, வந்ததை அப்படியே ஒட்டியிருப்பார். இந்தக் குவியலை அலசி, எதற்குக் கப்பலை நிறுத்த வேண்டும், எதற்கு நிறுத்த வேண்டாம் என்று சொல்வதுதான் குன்வோரின் உத்தியோகம். சொன்னது யார், எந்தப் பதிப்பைச் சொல்கிறார், அவர் சொன்னபடி செய்தால் நம் கண்முன் அது நடக்கிறதா என்று பார்ப்பார். நடக்காதவரை அவர் பதில் "தெரியாது". அலுவலகத்தில் அந்தத் "தெரியாது"வுக்கு நல்ல மரியாதை. கட்டடத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் விளங்கவில்லை.

ஏனென்றால் எங்களிடம் மக்னார் இருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். ஓய்வு பெற்ற நீச்சல் பயிற்சியாளர். தண்ணீருக்கு அடியில் இருப்பவனுக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய குரல். காலையில் கட்டடத்தின் முகநூல் குழுவைத் திறந்தால் மக்னார் ஏதாவது போட்டிருப்பார்: இந்தச் செயலி உங்கள் பேச்சை ஒட்டுக் கேட்கிறது, அந்த மின்விளக்கு உங்கள் வங்கிக் கணக்கைப் படிக்கிறது. போன வருஷம் ரொட்டி சுடும் இயந்திரம் சீனாவுக்குத் தகவல் அனுப்புவதாகப் போட்டார். அவருடையது இணைய வசதியே இல்லாத பழைய இயந்திரம் என்று யாரோ சுட்டிக்காட்டியதற்கு, "அதனாலதான் நான் தப்பிச்சேன்" என்றார்.

எங்கள் கட்டடத்தின் வீட்டுக் கதவுகள் திறந்த நடைபாதையைப் பார்த்தவை. மழை நேராகக் கீழே விழுகிற ஊரென்றால் பரவாயில்லை. இங்கே அது பக்கவாட்டில் வரும். நனைந்துகொண்டே சாவி தேடுவது போதும் என்று இரண்டு வருஷத்துக்கு முன் குடியிருப்போர் சங்கத்தில் முடிவெடுத்து, எல்லாக் கதவுக்கும் எண் அழுத்தித் திறக்கும் மின்பூட்டுப் போட்டார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். குன்வோரின் சந்தோஷம் கையேட்டைப் படித்து முடித்த பிறகு வந்தது.

போன அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, மக்னார் ஒரு வீடியோவைப் போட்டார். ஒரு கதவு. அதில் எங்கள் பூட்டேதான். கையுறை போட்ட கை ஒன்று பூஜ்யத்தை ஆறு தடவை அழுத்தி, கடைசியில் பச்சைப் பொத்தானைத் தொட்டது. பூட்டு ஒரு சின்ன இசை பாடிவிட்டுத் திறந்துகொண்டது. அவ்வளவுதான், அரை நிமிஷம்கூட இல்லை. மேலே மக்னார் எழுதியிருந்தார்: "பூட்டுக்குள்ள இருக்கிற மென்பொருள்ல ஓட்டை. எல்லாப் பூட்டும் இப்படித்தான். திருடனுக்குத் தெரிஞ்சாச்சு, நமக்குத்தான் இப்போ தெரியுது."

அன்று சாயங்காலம் நடைபாதை முழுக்கப் பீப், பீப் என்று சத்தம். யாரைக் கேட்டாலும் தான் அழுத்திப் பார்க்கவில்லை என்றுதான் சொன்னார்கள். ஒருவர் கதவுக்குப் பின்னால் துணி அலமாரியை நகர்த்தி வைத்தார். மேல்மாடிப் பெண்மணி வெள்ளிக் கரண்டிகளை வோஸில் இருக்கும் அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனார். சங்கத் தலைவி துரீட்டுக்கு வந்த அழைப்புகளில் அவர் அடுப்பில் வைத்த மீன் சூப் இரண்டு தடவை பொங்கி வழிந்தது.

மறுநாள் மக்னாரே மாட்டிக்கொண்டார். பூட்டு திறக்கும் என்ற உறுதியோடு தன் கதவில் அந்த எண்ணை அழுத்தினார். திறக்கவில்லை. மெதுவாக அழுத்தினார், வேகமாக அழுத்தினார், வீடியோவில் இருப்பதுபோலக் கையுறை போட்டு அழுத்தினார். பூட்டு கோபித்துக்கொண்டு சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டது. அதற்கப்புறம் சரியான எண்ணை அழுத்தினாலும் கேட்கவில்லை. கையில் மீன் வடைப் பொட்டலம், முகத்தில் மழை. வேலை முடிந்து வந்துகொண்டிருந்த குன்வோர்தான் அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பாத்தியா குன்வோர், பூட்டே கெட்டுப் போச்சு," என்றார் மக்னார், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே. "நான் சொன்னது நிஜமாயிடுச்சு."

"கெடல. நெறைய தடவை தப்பா அழுத்தினா கொஞ்ச நேரம் யாரையும் உள்ள விடாது. கையேட்டுல இருக்கு."

"அப்போ அந்த ஆறு பூஜ்யம்?"

"உங்க கதவுல திறக்கல. நீங்களே செஞ்சு பாத்துட்டீங்க. இந்தக் கட்டடத்துல அதை ஒழுங்காச் சோதிச்சது நீங்க ஒருத்தர்தான்."

மக்னாருக்கு இது பாராட்டா, வேறு ஏதாவதா என்று புரியவில்லை. காபியை ஒரு வாய் குடித்தார். "திறக்கலைன்னா அது இன்னும் மோசம்," என்றார்.

"எப்படி மோசம்?"

"இப்போ திறக்காது. ராத்திரி திறந்தா?"

ஐலிஃப் எழுந்து அடுப்படிப் பக்கம் போனார். சிரிப்பு வரும்போதெல்லாம் அவருக்கு அங்கே ஏதாவது வேலை வந்துவிடும். குன்வோர் சிரிக்கவில்லை. "ராத்திரி திறக்கும்னு யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல. நான் யோசிச்சேன்."

"சரி, அதையும் பாக்கறேன்," என்றார் குன்வோர். உண்மையாகவே பார்ப்பதாகத்தான் சொன்னார். அதுதான் அவரிடம் உள்ள தொந்தரவு.

வியாழக்கிழமை துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்துக் கூடத்தில் அவசரக் கூட்டம். மக்னார் எல்லாப் பூட்டையும் கழற்றி எறிந்துவிட்டுப் பழையபடி சாவிக்கே போகவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். துரீட் மேசையில் கரண்டியால் தட்டி, "குன்வோர், உனக்கு இதுதானே தொழில். ஒரே வார்த்தையில சொல்லு. உண்மையா, பொய்யா?" என்றார்.

"தெரியாது."

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

"இத்தனை வருஷம் அந்த ஆபீசுல என்னதான் பண்றே நீ?" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"இதேதான்," என்றார் குன்வோர். "வீடியோல ஒரு பூட்டு திறக்குது. அது நிஜம். நம்ம பூட்டு திறக்குமாங்கிறது வேற கேள்வி. சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. அதுவரைக்கும் யாரும் கதவுல பீப் பீப்னு அழுத்தாதீங்க, தயவுசெஞ்சு."

அவர் முதலில் பூட்டுக் கம்பெனிக்கு எழுதினார். உடனே பதில் வந்தது: தங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை, தங்கள் நம்பிக்கைக்கு நன்றி. துரீட்டிடம் காட்டினார். துரீட்டின் முகம் மலர்ந்தது. "அப்போ பயமில்ல, கம்பெனியே சொல்லிட்டானே."

"என்ன சொல்லிருக்கான்? இன்னொரு தடவை படி."

துரீட் படித்தார். "ஒண்ணுமே சொல்லலையே," என்றார்.

"மக்னார் சொல்றதுக்கும் ஆதாரமில்ல, இவன் சொல்றதுக்கும் ஆதாரமில்ல. இவன் கொஞ்சம் மரியாதையா சொல்றான், அவ்வளவுதான்."

பிறகு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் வீடே இல்லை என்பதை ஐலிஃப்தான் கவனித்தார்: அது பட்டறை மேசையில் நிறுத்தி வைத்த வெறும் கதவு. மேசையின் ஓரத்தில் ஒரு அட்டைப் பெட்டியும் பாதி தெரிந்தது. யாரோ எங்கிருந்தோ வெட்டி எடுத்த துண்டு என்று குன்வோருக்குச் சந்தேகம். யார் யாரிடமிருந்து எடுத்துப் போட்டார்கள் என்று ஒவ்வொருவராகப் பின்னோக்கிப் போனார். மக்னாருக்கு அது ஸ்டவாங்கரில் இருக்கும் அத்தை மகனிடமிருந்து வந்தது. அவருக்கு மீன்பிடிக்கிறவர்களின் முகநூல் குழு ஒன்றிலிருந்து. அங்கிருந்து சுவீடன், சுவீடனிலிருந்து டென்மார்க். கடைசியில் ஓடென்ஸ் ஊரில் பூட்டுக் கடை வைத்திருக்கும் போடில் என்ற பெண்ணிடம் போய் நின்றது.

போடிலின் முழு வீடியோ இன்னும் கொஞ்சம் நீளம். தொடக்கத்தில் அவர் பெட்டியிலிருந்து பூட்டை எடுத்துக் காட்டிச் சொல்கிறார்: தொழிற்சாலையிலிருந்து வரும்போது எல்லாப் பூட்டுக்கும் ஒரே எண்தான், ஆறு பூஜ்யம். மாட்டுகிறவர் முதல் வேலையாக அதை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். அதற்கப்புறம்தான் கையுறை போட்ட கை வருகிறது. யாரோ முன்பகுதியை வெட்டிவிட்டுக் கையை மட்டும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அப்போ பொய்," என்றார் துரீட்.

"பொய் இல்ல. எண்ணை மாத்தாத பூட்டுக்கு உண்மை. மாத்தின பூட்டுக்குப் பொய். நம்ம கட்டடத்துல எல்லாத்தையும் மாத்தினாங்களான்னு தெரியாது."

"மறுபடியும் தெரியாதா?"

"இது சின்னத் தெரியாது," என்றார் குன்வோர். "சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிடும்."

அன்று சனிக்கிழமை. குன்வோரும் துரீட்டும் உடனே கிளம்பினார்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க, குன்வோர் ஒவ்வொரு கதவிலும் ஒரே ஒரு தடவை அந்த எண்ணை அழுத்துவார். திறக்காமல் சிவப்பு விளக்கு வந்தால் துரீட் குறித்துக்கொள்வார். ஒவ்வொரு வீட்டிலும் காபி. அப்பத்தோடு பழுப்புப் பாலாடைக்கட்டி ஒரு வீட்டில், ஏலக்காய் பன் ஒரு வீட்டில். மூன்றாம் மாடி போய்ச் சேர்வதற்குள் துரீட் காபியை வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார், பன்னை மட்டும் வாங்கிக்கொண்டார். எல்லாக் கதவும் சிவப்பு. என் கதவும் சிவப்பு. மக்னார் தன் கதவை மூன்று முறை அழுத்தச் சொல்லிக் கெஞ்சினார். குன்வோர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். சிவப்பு வந்ததும் மக்னாரின் முகத்தில் வந்தது நிம்மதி இல்லை.

கடைசியில் குன்வோரின் சொந்த வீடு. துரீட்டுக்குக் கால் வலி. "உன் வீட்டை என்ன பாக்கறது? எழுதிக்கறேன், சிவப்பு," என்றார்.

"பாக்காம எப்படி எழுதுவே?"

ஆறு பூஜ்யம், பச்சைப் பொத்தான். பூட்டு ஒரு சின்ன இசை பாடிவிட்டுத் திறந்துகொண்டது.

உள்ளே ஐலிஃப் கம்பளி உள்ளாடையோடு நின்று, ஈரல் பசை தடவிய ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். துரீட் அவரைப் பார்த்தார். அவர் துரீட்டைப் பார்த்தார். குன்வோர் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். பூட்டு மாட்ட ஆள் வந்த அன்று, மற்ற வீட்டிலெல்லாம் எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டு, இங்கே வந்தபோது குன்வோர் அவரை நிறுத்திவிட்டார். முதலில் கையேட்டைப் படிக்க வேண்டும், மீதியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். அதிலிருந்த எழுத்துப் பிழைகளைக்கூடக் கம்பெனிக்கு எழுதிப் போட்டார். வீட்டுக்கென்று ஒரு எண் வைத்தார். ஆனால் அப்படி வைப்பதால் தொழிற்சாலை எண் போய்விடாது, அதைத் தனியாக மாற்ற வேண்டும். அதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரி இருந்தது: "இதைப் பூட்டு மாட்டுபவர் மாற்றிவிடுவார்." சரி, மாற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். பூட்டு மாட்டுபவரைத்தான் அனுப்பியாயிற்றே, இனி அந்த வேலை தன்னுடையது என்று தோன்றவேயில்லை. இரண்டு வருஷமாகக் கட்டடத்திலேயே எவனும் நுழையக்கூடிய ஒரே வீடு அவருடையதுதான்.

துரீட் நல்ல மனுஷி. "நான் எதையும் பாக்கல," என்றார். "இப்பவே மாத்திடு. எல்லாம் சிவப்புன்னு போட்டுடறேன். முடிஞ்சுது."

குன்வோர் உள்ளே போய்க் கையேட்டை எடுத்து வந்து, எண்ணை மாற்றினார். மறுபடி ஆறு பூஜ்யத்தை அழுத்திச் சிவப்பு வருகிறதா என்று பார்த்தார். பிறகு சோபாவில் உட்கார்ந்துவிட்டார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஒரு வீட்டுல மாத்தாம இருந்துது, சரி பண்ணியாச்சுன்னு போட்டா போதாதா?" என்றார் ஐலிஃப். இதற்குள் கால்சட்டை போட்டிருந்தார்.

"எந்த வீடுன்னு கேப்பாங்க."

"யாரு கேப்பாங்க?"

"நான் கேப்பேன்," என்றார் குன்வோர். கையேட்டை மூடி வைத்துவிட்டு, "முழுக்கப் படிச்சேன் ஐலிஃப். அந்த வரியை ரெண்டு தடவை படிச்சேன். ஆறு தடவை அழுத்திப் பாக்க எவ்வளவு நேரமாயிருக்கும்?" என்றார். அவ்வளவு வருத்தப்பட்டு அவரைப் பார்த்ததில்லை என்று ஐலிஃப் பிறகு என்னிடம் சொன்னார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மீதி ரொட்டியைப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தாராம். குன்வோர் சாப்பிட்டாராம், என்ன ரொட்டி என்றுகூடக் கேட்காமல்.

அன்று மாலை குழுவில் அவர் எழுதியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வீடியோ எங்கிருந்து வந்தது, எதற்கு உண்மை, எதற்கு உண்மையில்லை என்று சுருக்கமாக. கடைசியில்: "எல்லா வீடும் பத்திரமாக இருந்தது, ஒன்றைத் தவிர. அது என் வீடு. தவறு என்னுடையது, பூட்டு மாட்டியவருடையது இல்லை. இப்போது சரிசெய்து, சோதித்தும் பார்த்துவிட்டேன்."

நாலு பேர் இதயக்குறி போட்டார்கள். மக்னார் நேரிலேயே வந்தார், கையில் ஒரு ஆப்பிள் கேக்கோடு.

"நான் சொன்னேனா இல்லையா?" என்றார் வாசலில் நின்றபடி. கட்டடம் முழுக்கக் கேட்டது.

"எல்லாப் பூட்டும்னு சொன்னீங்க."

"ஒண்ணு இருந்துதுல்ல?"

"இருந்துது."

"அது போதும் எனக்கு. இந்தா, கேக்." உள்ளே வந்து உட்கார்ந்து முக்கால்வாசியை அவரே சாப்பிட்டுவிட்டுப் போனார். கிறிஸ்துமஸ்வரை பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். குன்வோர் ஒரு நாளும் மறுக்கவில்லை. இருந்தது ஒன்று என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

அந்த வாரமே அவர் போடிலுக்கு எழுதினார். வீடியோவின் நடுவிலேயே, கை தெரிகிற இடத்திலும், "எண்ணை மாற்றாத பூட்டு" என்று பெரிய எழுத்தில் போட்டால், யார் வெட்டினாலும் அதுவும் கூடவே போகுமே என்று. போடிலின் பதில் நீளமாக இருந்தது. ஒரு மாதமாக முன்பின் தெரியாதவர்களெல்லாம் அவரைத் திருடர்களுக்குப் பாடம் நடத்துகிறவள் என்று திட்டிக்கொண்டிருந்தார்களாம். கடை ஜன்னலில் யாரோ முட்டை எறிந்தார்களாம். அவர் உண்மையில் என்ன சொன்னார் என்று கேட்டு வந்த முதல் கடிதம் குன்வோருடையதாம். வசந்தத்தில் கட்டாயம் ஓடென்ஸ் பக்கம் வரவேண்டும் என்று அழைத்திருந்தார். குன்வோர் யோசித்துச் சொல்வதாக எழுதினார். ஐலிஃப் மறுநாளே கப்பல் டிக்கெட் வாங்கிவிட்டார்.

எழுத்துப் போட்ட புது வீடியோ வந்தது. ஆனால் பழைய துண்டும் சாகவில்லை, ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஜனவரியில் அது மறுபடி ஸ்டவாங்கர் அத்தை மகனிடம் போய்ச் சேர்ந்தது. எல்லாப் பூட்டும் இப்படித்தான், எச்சரிக்கை என்று அவர் மீண்டும் போட்டார். அதற்குக் கீழே மக்னார் எழுதினார். தொழிற்சாலை எண், பெட்டி, வெட்டிய முன்பகுதி, முழு வீடியோவின் முகவரி எல்லாம் சேர்த்து, மூச்சுவிடாமல் ஒரு பத்தி. எங்கள் கட்டடத்தில் தானே கதவு கதவாகப் போய்ச் சோதித்ததாகவும் ஒரு வரி இருந்தது. அத்தை மகனுக்கு ரோஷம் வந்து இருவருக்கும் பெரிய சண்டை.

குன்வோர் அந்தப் பத்தியை முழுக்கப் படித்தார். அதில் இரண்டு தவறு இருந்தது. பச்சைப் பொத்தானை மக்னார் நீலம் என்று எழுதியிருந்தார். அதை மட்டும் அவருக்குத் தனியாக எழுதிச் சொன்னார்.